பாடாத பெட்டியைக் கடைக்குத் தூக்கும் முன்

ப்ளூடூத் ஸ்பீக்கர் பாடவில்லை என்று கடைவீதிக்கு எடுத்துப் போகிறோம். செல்போன் கடைத் தம்பி வாங்கி, ஒரு பொத்தானை நாலைந்து விநாடி அமுக்கிப் பிடிக்கிறார். தன் போனில் ஏதோ தட்டுகிறார். பாட்டு வந்துவிடுகிறது. “ஒண்ணுமில்லண்ணே, நல்லாத்தான் இருக்கு” என்று காசு வாங்காமல் திருப்பித் தருகிறார். வீட்டுக்கு வந்தால் பெட்டி மறுபடி ஊமை. நம் ஊர் குள்ளஞ்சாவடியில் மட்டுமல்ல, குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி என்று எந்த ஊர்க் கடையிலும் இது நடக்கும். பெட்டியே கெட்டுப்போய்ப் பாட்டு நிற்பது குறைவு. பெட்டிக்கும் பாட்டு வரும் இடத்துக்கும் நடுவில் எங்கோ தொடர்பு விட்டுப்போவதுதான் அதிகம். எங்கே விட்டது என்று கண்டுபிடிக்க ஸ்க்ரூ டிரைவர் தேவையில்லை, ஒரு பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் போதும்.

முதல் கேள்வி: பெட்டிக்குச் சொந்தக் குரல் இருக்கிறதா? ஸ்விட்சைப் போட்டதும் ‘டிங்’ என்று ஒரு ஓசையோ, இங்கிலீஷில் ஒரு பெண் குரலோ வரும். நாம் அதைக் கவனிப்பதே இல்லை. அந்தக் குரல் போனிலிருந்து வருவதல்ல, பெட்டிக்குள் இருக்கும் சில்லிலேயே பதிந்து கிடப்பது. அது பேட்டரியிலிருந்து மின்சாரம் வாங்கி, ஆம்ப்ளிஃபயர் வழியாகப் போய், ஸ்பீக்கர் கூம்பை அதிர வைத்துத்தான் நம் காதுக்கு வருகிறது. ஆகவே அந்த ‘டிங்’ தெளிவாகக் கேட்டால் பேட்டரி, ஸ்விட்ச், ஆம்ப்ளிஃபயர், கூம்பு நான்கும் வேலை செய்கின்றன. பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. இனி பெட்டியைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை, குற்றம் பெரும்பாலும் வெளியேதான் இருக்கிறது.

குரலும் இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் மின்சாரம் உள்ளே போகவில்லை என்று பொருள். சார்ஜர் ஒயரை முதலில் சந்தேகப்படுங்கள். அதே ஒயரில் ஒரு போனைச் செருகிப் பாருங்கள். போன் ஏறினால் ஒயர் நல்லது, அடுத்த சந்தேகம் பெட்டியின் சார்ஜ் துளை. முந்திரிக் காட்டுச் செம்மண் தூசு நம் பக்கத்தில் எதையும் விடாது. டார்ச் அடித்துப் பார்த்தால் துளையின் அடியில் சிவப்பாக ஒரு பொடி கெட்டித்துக் கிடப்பது தெரியும். பெட்டியை அணைத்துவிட்டு, பல்குத்தும் மரக்குச்சியால் மெதுவாகச் சுரண்டித் தட்டுங்கள். ஊசி, ஹேர்பின் வேண்டாம். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு வளைந்தால் அதற்குப் பிறகு நிஜமாகவே கடைக்குத்தான் போக வேண்டும்.

மாதக்கணக்கில் பீரோ மேல் கிடந்த பெட்டி என்றால் சார்ஜ் போட்ட உடனே உயிர் வராது. உள்ளே இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. முழுதாக ஏறினால் 4.2 வோல்ட், சாதாரணமாக 3.7 வோல்ட். ரொம்பவும் இறங்கிவிட்டால் பேட்டரியைக் காப்பதற்காக உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடும். சாதாரண 5 வோல்ட் சார்ஜரில் ஒரு மணி நேரம் விட்டுவைத்துப் பிறகு பாருங்கள். பெட்டி உப்பியிருந்தாலோ, சார்ஜ் போடும்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டாலோ உடனே பிடுங்கிவிடுங்கள்.

பேட்டரி கிழடாகிவிட்டது என்பதற்கு ஒரு நல்ல அடையாளம் உண்டு. சத்தம் குறைவாக வைத்தால் பாடும். கூட்டினால், அதிலும் தவில் உருட்டும் இடத்திலோ பறை அதிரும் இடத்திலோ, சட்டென்று அணைந்துவிடும். அடிச்சத்தம் ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கிறது. பழைய பேட்டரியால் கொடுக்க முடிவதில்லை. வோல்ட் சரிந்து பெட்டி தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. இதை ப்ளூடூத் கோளாறு என்று நினைத்துப் போனை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. சந்தைகளில் விற்கும் சின்ன எஃப்.எம். பெட்டிகளில் பெரும்பாலும் பழைய நோக்கியா போன்களுக்குப் போட்ட பி.எல்.5சி பேட்டரியே இருக்கும். பின்பக்கத்தைத் தள்ளித் திறந்து நாமே மாற்றலாம்.

சரி, ‘டிங்’ வருகிறது, பாட்டு வரவில்லை. அடுத்துப் பார்க்க வேண்டியது மோடு பொத்தான். ஒரே பெட்டியில் ப்ளூடூத், எஃப்.எம்., பென் டிரைவ், மெமரி கார்டு, ஆக்ஸ் என்று நாலைந்து வாசல் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். ஆக்ஸ் துளையில் ஒரு ஒயர் செருகியிருந்தால், அதன் மறுமுனை எதிலும் இல்லாமல் தரையில் கிடந்தாலும், பல பெட்டிகள் ப்ளூடூத்தை மூடிவிடும். பென் டிரைவ் செருகியே இருந்தால் ஸ்விட்ச் போட்டதும் அதற்குத் தாவும் பெட்டிகளும் உண்டு. ஆகவே எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, பெட்டியை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

இனிதான் முக்கியமான இடம். ப்ளூடூத்தில் ‘சேர்ப்பது’ வேறு, ‘இணைவது’ வேறு. முதல் தடவை போனையும் பெட்டியையும் ஒன்றுக்கொன்று அறிமுகம் செய்துவைக்கிறோம். அது சேர்ப்பது. அப்போது இரண்டும் ஒரு ரகசிய எண்ணைப் பகிர்ந்துகொண்டு நினைவில் வைத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் பெட்டி தானாகவே கடைசியாகப் பழகிய போனைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அது இணைவது. சாதாரணப் பெட்டி ஒரு நேரத்தில் ஒரே போனோடுதான் இணையும். வீட்டில் மூன்று போன் இருந்து, மூன்றும் எப்போதோ அறிமுகமாகியிருந்தால், யார் முந்துகிறார்களோ அவர்களுக்குத்தான் பெட்டி. மற்றவர்கள் போனில் பாட்டு ஓடும், பெட்டி வாயைத் திறக்காது.

கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“தம்பி, பொட்டி நேத்துவரைக்கும் பாடிச்சி. இன்னிக்கு வாயே தெறக்கல.”

“வூட்ல வேற யாரு போனு இருக்கு ஆயா?”

“பேரன் வந்திருக்கான், காலேஜு லீவு.”

“அவன் போன்ல ப்ளூடூத்த அமுத்தச் சொல்லு, பாடும்.”

பேரன் வேண்டுமென்று எதுவும் செய்திருக்க மாட்டான். போன தீபாவளிக்கு ஒரு தடவை சேர்த்திருப்பான், போன் அதை மறக்கவில்லை. மாடியில் படுத்துக்கொண்டு அவன் வீடியோ பார்க்கும்போது கூடத்தில் இருக்கும் பெட்டி அவன் பக்கம் போய்விடுகிறது. கடைக்கு எடுத்துப் போனால் பேரன் போன் அங்கே இல்லை. அதனால்தான் அங்கே பாடுகிறது. கடையில் சோதித்துப் பார்க்கும்போது கடைக்காரரின் போனில் பாடியதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், உங்கள் போனில் பாடவையுங்கள். இரண்டு போன்களோடு ஒரே நேரத்தில் இணையும் புதிய பெட்டிகளிலும் தகராறு வரும். ஒரு போனில் சத்தமில்லாமல் ஏதாவது வீடியோ ஓடிக்கொண்டிருந்தாலும் பெட்டி அதற்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருக்கும்.

இதற்கு வழி, பழைய உறவை இரண்டு பக்கமும் அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவது. போனில் செட்டிங்ஸ் போய், ப்ளூடூத் பட்டியலில் பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, ‘ஃபர்கெட்’ அல்லது ‘அன்பேர்’ கொடுங்கள். பெட்டியில் ப்ளூடூத் பொத்தானையோ ப்ளே பொத்தானையோ நாலைந்து விநாடி அமுக்கிப் பிடியுங்கள். நீல விளக்கு படபடவென்று வேகமாகச் சிமிட்டினால் பெட்டி புதுப் போனுக்குத் தயார். விளக்கு நிலையாக எரிந்தாலோ, எப்போதாவது ஒருமுறை மின்னினாலோ அது ஏற்கனவே யாருடனோ இணைந்திருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி இதில் சின்ன வித்தியாசம் இருக்கும், கூட வந்த துண்டுச்சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயரையும் கவனியுங்கள். விலை குறைந்த பெட்டிகள் பல ஒரே பெயரில் வருகின்றன. பட்டியலில் உங்கள் கண்ணில் படுவது பக்கத்து வீட்டுப் பெட்டியாகவும் இருக்கலாம்.

இணைந்துவிட்டது என்று போன் சொல்கிறது, ஆனாலும் பாட்டு போனிலேயே கேட்கிறது என்றால் அதே பல்சக்கரத்துக்குள் போய்ப் பாருங்கள். ‘ஃபோன் கால்ஸ்’, ‘மீடியா ஆடியோ’ என்று இரண்டு தனித்தனி ஸ்விட்ச் இருக்கும். பேச்சுக்கு ஒரு வழி, பாட்டுக்கு ஒரு வழி என்று ப்ளூடூத் பிரித்தே வைத்திருக்கிறது. மீடியா ஆடியோ அணைந்திருந்தால் போன் அழைப்பு பெட்டியில் கேட்கும், பாட்டு கேட்காது. இன்னொன்று, சத்தம் இரண்டு இடத்தில் இருக்கிறது. போனில் ஒன்று, பெட்டியில் ஒன்று. சில ஜோடிகளில் ஒன்றைக் கூட்டினால் மற்றதும் சேர்ந்து கூடும், சிலவற்றில் கூடாது. போனில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பாட்டு ஓடாதபோது பொத்தானை அமுக்கினால் சில போன்களில் ரிங் சத்தம்தான் கூடும்.

பாட்டு வருகிறது, ஆனால் விட்டு விட்டு வருகிறது என்றால் அது அலைவரிசைச் சங்கதி. ஒரு காலத்தில் இந்தியாவில் வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபாலாபீசில் பணம் கட்டி உரிமம் எடுக்க வேண்டும். 1980கள் வரை அந்த வழக்கம் இருந்தது. ப்ளூடூத் பேசும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அதற்கு நேர்மாறு. 2005-ல் மத்திய அரசு அதை உரிமம் தேவையில்லாததாக அறிவித்தது. அன்று முதல் அது மேய்ச்சல் புறம்போக்கு, யாரும் தம் மாட்டை ஓட்டிவிடலாம். வைஃபை ரவுட்டர், கம்பியில்லா மவுஸ், சிசிடிவி கேமரா, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அங்கேதான் மேய்கின்றன.

இந்த நெரிசலை ப்ளூடூத் ஒரு சாமர்த்தியத்தால் சமாளிக்கிறது. 2.402 முதல் 2.480 ஜிகாஹெர்ட்ஸ் வரை உள்ள இடத்தை 79 தடங்களாகப் பிரித்துக்கொண்டு, விநாடிக்கு 1600 தடவை தடம் மாறுகிறது. ஒரு தடத்தில் இடிபட்ட துண்டை வேறொரு தடத்தில் மறுபடி அனுப்பிவிடும். பெட்டியும் கொஞ்சம் பாட்டை முன்கூட்டியே வாங்கி இருப்பில் வைத்திருக்கும். இடிபாடு அளவு மீறி அந்த இருப்பு தீரும்போதுதான் நமக்கு விக்கல் கேட்கிறது. தூரமும் ஒரு காரணம். சாதாரணப் பெட்டிக்குத் திறந்த வெளியில் சுமார் 10 மீட்டர்தான் கணக்கு. கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் அதைப் பாதியாக்கும். இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் இன்னும் மோசம். மனித உடம்பே இந்த அலையை நன்றாக உறிஞ்சும் என்பதால், போனைப் பின் பையில் போட்டுக்கொண்டு பெட்டிக்கு முகம் காட்டி நின்றால் கூடப் பாட்டு தடுமாறும். பெட்டியை ரவுட்டர் மேல் வைக்காமல் நாலடி தள்ளி, பீரோவுக்கு வெளியே, இடுப்பு உயரத்தில் வையுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

வைஃபையில் பாடும் ‘ஸ்மார்ட்’ ஸ்பீக்கர் வேறு ஜாதி. ப்ளூடூத் பெட்டிக்குப் பாட்டைப் போன் ஊட்டுகிறது. வைஃபை பெட்டியோ இணையத்திலிருந்து தானே எடுத்துக்கொள்கிறது, போன் வெறும் ரிமோட். ஆகவே போனில் இன்டர்நெட் பறந்தாலும், வீட்டு ரவுட்டருக்கு இணையம் வராவிட்டால் அது பாடாது. நம் ஊரில் இது மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மின்வெட்டுக்குப் பிறகு. நெய்வேலி பக்கத்திலேயே இருக்கிறது, உங்களுக்கு என்ன மின்வெட்டு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அங்கே 1962 முதல் பழுப்பு நிலக்கரியில் எடுக்கும் மின்சாரம் நேராக நம் வீட்டுக் கம்பிக்கு வருவதில்லை. தென் மாநிலங்களின் மின்தொகுப்பில் கலந்து, துணைமின் நிலையம், டிரான்ஸ்ஃபார்மர் என்று சுற்றித்தான் வருகிறது. ஆடிக்காற்றில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் நமக்கும் இருட்டுத்தான்.

மின்சாரம் திரும்ப வந்ததும் ஸ்பீக்கர், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. ஸ்பீக்கர் சீக்கிரம் தயாராகிவிடும். ஃபைபர் பெட்டி வெளியே தொடர்பு பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஸ்பீக்கர் தேடிப் பார்த்துவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்துவிடும். எல்லாவற்றையும் அணைத்து, முதலில் ஃபைபர் பெட்டி, அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர், கடைசியில் ஸ்பீக்கர் என்ற வரிசையில் போடுங்கள். ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் கம்பத்திலிருந்து வரும் ஒளியிழையில் வெளிச்சமே வரவில்லை. அது கேபிள்காரர் வேலை, உங்கள் ஸ்பீக்கரைத் திட்டுவதில் பயனில்லை.

வைஃபை பாஸ்வேர்டை மாற்றினால் ஸ்பீக்கருக்கும் சொல்ல வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன் ஆப்பில் போய்ப் புது பாஸ்வேர்டைக் கொடுக்காதவரை அது பழையதையே தட்டிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கர் போனின் பட்டியலில் தெரியவே இல்லை என்றால், போன் வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவில் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால்தான் ஒன்றையொன்று காணும். விலை குறைந்த சில பெட்டிகளுக்கு 2.4 மட்டுமே தெரியும், 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயரில் சேர்த்தால் சேராது. எல்லாம் சரியாக இருந்தும் நடுப்பாட்டில் நின்றால், சென்னையில் இருக்கும் மகன் அதே பாட்டு ஆப்பின் கணக்கில் பாட்டுப் போட்டிருக்கலாம். ஒரு ஆளுக்கான சந்தாவில் ஒரு இடத்தில்தான் பாடும்.

பென் டிரைவ் பாடவில்லை என்பது தனிக் கதை, அதன் காரணம் பலருக்குத் தெரிவதில்லை. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட மெமரி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற முறையில் அடுக்கப்பட்டு வருகின்றன, பெரிய பென் டிரைவ்களும் பல அப்படியே. நம் ஊர்ச் சந்தைப் பெட்டிகளுக்கும் பழைய ஹோம் தியேட்டர்களுக்கும் ஃபேட்32 என்ற பழைய அடுக்குதான் படிக்கத் தெரியும். கார்டு நல்லது, பாட்டு நல்லது, ஆனாலும் பெட்டி விழிக்கும். 16 அல்லது 32 ஜி.பி. போதும், கம்ப்யூட்டரில் ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்து எம்.பி.3 பாட்டுகளை மட்டும் போடுங்கள். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போய்விடும், முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். சரிகம நிறுவனம் 2017-ல் கொண்டுவந்த கேரவான் போன்ற பெட்டிகளில் பாட்டு உள்ளேயே ஏற்றி வருகிறது. தமிழ்ப் பெட்டியில் 5000 பாட்டு. பழைய எச்.எம்.வி. இசைத்தட்டுகளின் வாரிசு அந்த நிறுவனம். இந்த மாதிரிப் பெட்டியில் சோதனை இன்னும் சுலபம். உள்ளே இருக்கும் பாட்டு பாடி, ப்ளூடூத் மட்டும் பாடாவிட்டால் சந்தேகம் போன் பக்கம்.

எஃப்.எம். வெறும் இரைச்சலாக வந்தால் ஏரியல் இல்லை. இழுத்து நீட்டும் கம்பி இல்லாத பெட்டிகள் பல, செருகியிருக்கும் சார்ஜ் ஒயரையோ ஆக்ஸ் ஒயரையோ ஏரியலாகப் பயன்படுத்துகின்றன. ஒயரைச் செருகி, ஜன்னல் பக்கம் நீட்டி, புதுச்சேரி ரெயின்போ 102.8-ஐப் பிடித்துப் பாருங்கள். எஃப்.எம்.மை யார் கேட்கிறார்கள் என்று ஒதுக்காதீர்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது, முந்திரியும் பலாவும் சாய்ந்ததோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. மின்சாரமும் செல்போன் டவரும் இல்லாத நேரத்தில் பேட்டரியில் ஓடும் ரேடியோ ஒன்றுதான் சேதி சொல்லும். ஐப்பசி பிறக்கும் முன் இந்த மோடு வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது.

டிவியோடு சேர்க்க முடியவில்லை என்ற புகாரில் பெரும்பாலும் கோளாறே கிடையாது. ஹோம் தியேட்டரில் உள்ள ப்ளூடூத் வாங்க மட்டும் தெரிந்தது. பழைய டிவிகளில் அனுப்பும் ப்ளூடூத்தே இருக்காது, அல்லது ரிமோட்டுக்கு மட்டும் இருக்கும். தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டர் வாங்கி மாட்டலாம், அதைவிட ஒரு ஆக்ஸ் ஒயர் மலிவு. உதட்டசைவுக்குப் பின்னால் சத்தம் வரும் தொல்லையும் ஒயரில் கிடையாது.

இத்தனைக்கும் பிறகு பாடாவிட்டால் பெட்டியை முழுதாக ரீசெட் செய்து பாருங்கள். எந்தப் பொத்தான்களைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்பது துண்டுச்சீட்டில் இருக்கும். அதற்கும் மசியவில்லை என்றால் கடைக்குப் போகலாம். வாரண்டி இருக்கும் பெட்டியை உள்ளூரில் திறக்க விடாதீர்கள், திறந்துவிட்டால் கம்பெனி கைவிரித்துவிடும். பில்லோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அங்கே இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். வாரண்டி முடிந்த பெட்டியில் பேட்டரி, சார்ஜ் துளை, கூம்பு இவற்றை மாற்றுவது கட்டுப்படியாகும். உள்ளே சில்லே போய்விட்டது என்றால் சின்னப் பெட்டிக்குச் செலவு செய்யாதீர்கள், புதிது வாங்குவதே மேல். கழற்றிய பழைய பேட்டரியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம், கடையிலேயே கொடுத்துவிடுங்கள். தோப்பில் கூட்டிய முந்திரிச் சருகோடு சேர்த்துக் கொளுத்தினால் வெடிக்கும்.